மொட்டைக் கடிதமும் வண்ண எழுத்தும்



பங்குப் பணியில் பல்லாண்டு கழித்த குருக்கள் யாவரும் மொட்டைக் கடிதத்தை அறிவர். அதில் அனுப்பியவர் பெயர் இராது. கையெழுத்தும் வேண்டுமென்றே கோணலாக்கப்பட்டிருக்கும். அதனினும் கொடியது ஒன்று உண்டு. அது பிறர் பெயரைக் கீழே இட்டு எழுதப்படும் பொய்க் கடிதம். முன்னது பேசியவனை மறைக்கிறது. பின்னது பேசாதவனைப் பேசியவனாக்குகிறது. இவ்விரண்டும் நம் பிள்ளைகள் ஆடும் ஒரு கணினி விளையாட்டினுள்ளும் நிகழக்கூடும் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

மைன்கிராஃப்ட் என்பது அவ்விளையாட்டின் பெயர். சுவீடன் நாட்டு மார்க்குஸ் பெர்சன் என்பவர் ஆக்கிய இது 2009-இல் முதன்முதல் வெளிவந்து, 2011-இல் முழு வடிவம் பெற்றது. கட்டிகளை அடுக்கி வீடும் பாலமும் நகரமும் எழுப்பலாம். இன்னதைத்தான் செய்யவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பலர் கூடி ஆடும்போது உரையாடவும் வழியுண்டு. ஒருவர் தட்டச்சுச் செய்தால், கோண அடைப்புக்குறிக்குள் அவர் பெயரும், அதனை அடுத்து அவர் சொல்லும் அனைவர் திரையிலும் தோன்றும். இன்னார் இதனைச் சொன்னார் என்பது எவர்க்கும் விளங்கும்.

2013-ஆம் ஆண்டு முதல் 'டெல்ரா' என்றொரு கட்டளையும் இவ்விளையாட்டில் உண்டு. சாய்கோடு இட்டு அச்சொல்லை எழுதி, யாருக்கு என்பதைக் குறித்து, பின்னர் செய்தியை நெளிவு அடைப்புக்குள் அமைத்தல் வேண்டும். 'அட்' குறியோடு 'ஏ' எழுத்தைச் சேர்த்தால் செய்தி எல்லாருக்கும் செல்லும். 'பி' சேர்த்தால் அருகிலுள்ள ஒருவருக்கு மட்டுமே செல்லும். அடைப்பினுள் 'டெக்ஸ்ட்' என்பதற்கு எதிரே நல்வரவு என்றும், 'கலர்' என்பதற்கு எதிரே 'கோல்ட்' என்றும், 'போல்ட்' என்பதற்கு எதிரே 'ட்ரூ' என்றும் இட்டால், பொன்னிறத் தடித்த எழுத்தில் நல்வரவு ஒளிரும். பெயர் கொண்ட வண்ணங்கள் 16 உண்டு. 2020-இல் வந்த பதிப்பு முதல், குறியெண் கொடுத்து விரும்பிய எந்நிறத்தையும் பெறலாம். ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் செய்தி செல்லாது. ஆதலின் இதனைப் பயிலும் பிள்ளை பொறுமையையும் ஒழுங்கையும் கற்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் இக்கட்டளையின் இயல்பு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். இது அனுப்பியவர் பெயரைத் தானாகக் காட்டுவதில்லை. எழுதியது மட்டுமே தோன்றும். விளையாட்டில் கதை சொல்லவும் வழிகாட்டவும் அது தேவையே. ஆனால் கோண அடைப்புக்குறிக்குள் தோழன் ஒருவன் பெயரை எழுதி, அதனை அடுத்து வேண்டியதை எழுதினால், அவனே பேசியதுபோல் தோன்றிவிடும். 2022 முதல் ஆடுவோர் தம் சொந்த உரைகளுக்கு மறைவான கையொப்பம் ஒன்று இணைக்கப்படுகிறது. 'டெல்ரா' செய்திக்கு அக்கையொப்பம் இல்லை. ஆயின், விளையாடும் பிள்ளை கையொப்பத்தையா தேடிப் பார்க்கும்? கண்ணுக்குத் தெரியும் பெயரையே நம்பும்.

நம் பங்கில் பீடச் சிறுவர் மூவர் ஒரே உலகில் கட்டி விளையாடி வந்தனர். ஒருநாள், ஒருவனுடைய தந்தையின் வறுமையை இகழும் வரி ஒன்று, மற்றொருவன் பெயரோடு திரையில் தோன்றியது. அன்று முதல் இருவரும் பேசுவதை நிறுத்தினர். திருப்பலிக்கும் வெவ்வேறு நாளில் வந்தனர். பழி சுமந்தவன் தன் தாயிடம் அழுதபடி, "நான் எழுதவே இல்லையம்மா" என்று எத்தனையோ முறை சொன்னான். அத்தாயும் முதலில் அவனை நம்பவில்லை. எழுத்தில் அவன் பெயர் இருந்ததே! இரு வாரம் சென்றபின், கட்டளையிடும் உரிமை பெற்றிருந்த மூன்றாம் சிறுவன் தானே முன்வந்து, "விளையாட்டாகச் செய்தேன் சாமி" என்று நம்மிடம் கூறினான்.

நாம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பிறர்மேல் பொய்ச் சாட்சி சொல்லலாகாது என்னும் எட்டாம் கற்பனையை அவன் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாகக் கற்றிருந்தான். பலகையின் முன் அமர்ந்து எழுதுவதும் சாட்சி சொல்வதே என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை. அதே கட்டளையைக் கொண்டு, தன் பெயரை முதலில் இட்டு, உண்மையை இருவருக்கும் எழுதும்படி கூறினோம். எழுதினான். பின்னர் நேரில் சென்றும் மன்னிப்புக் கேட்டான். அது எழுதுவதைவிடக் கடினமாயிருந்தது என்று சொன்னான்.

இக்கட்டளையை எவரும் இட இயலாது. அதற்கெனக் கூடுதல் உரிமை வழங்கப்பட்டிருத்தல் வேண்டும். இங்கேதான் பெற்றோர் சிந்திக்கவேண்டியது உள்ளது. அதிகாரம் பெற்றவன் குரலுக்கு ஏனையோர் குரலினும் வலிமை மிகுதி. அச்செய்தியில் சொடுக்கினால் இணையப் பக்கம் திறக்குமாறு செய்யலாம். சொடுக்கியவர் உரிமையைக் கொண்டே வேறொரு கட்டளையை ஓடச்செய்யவும் கூடும். நம்பிச் சொடுக்குபவர் தோழரே அன்றோ? வீட்டிலும் பங்கிலும் நிலை இதுவே. எவர் சொல்லுக்கு மற்றவர் எளிதில் இணங்குகிறார்களோ, அவர் தம் சொல்லுக்குத் தம் பெயரை இடக் கடமைப்பட்டவர்.

ஆகவே விளையாட்டைப் பிடுங்கி வைக்குமாறு நாம் கூறவில்லை. ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இது யார் சொன்னது? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு வண்ணச் செய்தி அமைத்துக் காட்டினால் பாராட்டுங்கள். பின்னர், "இதன் கீழே உன் பெயரைப் போடுவாயா?" என்றும் கேளுங்கள். தயங்காமல் போடக்கூடிய சொற்களையே நாமும் நம் பிள்ளைகளும் பேச, உண்மையின் ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.