லேப் டிப்புக்குக் காத்த நாட்கள்

கோவையில் என் வகுப்பும் ஜெர்மனியில் ஒரு வகுப்பும் இணையத்தில் சேர்ந்து கொள்முதல் பாடம் படிக்கின்றன. முதல் வாரம் பீர் விளையாட்டுதான். 1960 வாக்கில் எம்.ஐ.டி.யில் உருவானது. கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஆர்டர் எண் மட்டும் போகலாம். தேங்கும் பீர் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர்.

கடையில் வாரம் 4 பெட்டி விற்கும். ஐந்தாவது வாரம் 8 ஆகும், பிறகு கடைசிவரை 8தான். ஆனால் ஆலையில் இருக்கும் பிள்ளைக்கு 30, 40 என்று ஆர்டர் ஏறும், அப்புறம் பல வாரம் ஒன்றுமே வராது. முடிந்ததும் ஜனங்கள் எப்படி வாங்கியிருப்பார்கள் என்று ஆலைக்காரரை வரையச் சொல்வேன். மலையும் பள்ளமுமாக வரைவார்கள். ஒரே ஒரு படி ஏறி நேராகப் போகும் கடை விற்பனைக் கோட்டைக் காட்டியதும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பேச்சற்றுப்போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

நாங்கள் கூடுவது மாலை ஆறரைக்கு, அவர்களுக்கு மதியம் இரண்டு. மார்ச் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். முதல் வருடம் இதைக் கவனிக்க நான் தவறிவிட்டேன். அங்கே பிள்ளைகள் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மாறியது இந்தப் பக்கம் தெரியாமல் போவதுதான் எங்கள் பாடமே. அது எனக்கே நடந்தது.

விளையாட்டுக்குப் பிறகு நிஜமான பொருளை எடுப்போம். போன வருடம் எடுத்தது திருப்பூர் டி-ஷர்ட். ஜெர்மன் பிள்ளைகள் தங்கள் நாட்டுச் சட்டத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். 2023 முதல் அங்கே பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சப்ளை செய்யும் இடங்களில் தொழிலாளர் உரிமை எப்படி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அதனால் முதல் கேள்வியே, "நைட் ஷிப்ட் ஏன் இவ்வளவு?"

திருப்பூர்ப் பெண் ஒருத்தி பதில் சொன்னாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அவள் விளக்கியது லேப் டிப். சாயப்பட்டறை சின்னத் துணித்துண்டில் நிறம் போட்டு அனுப்பும், பையர், அதாவது வாங்குபவர், பார்த்து ஓகே சொன்னால்தான் சாயம் ஏற்ற முடியும். "பையர் ஓகே சொல்ல பத்து நாள் தாமதம் ஆனாலும் ஷிப்மென்ட் தேதி மாறாதுங்க. டையிங், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் மிச்ச நாளுக்குள்ள முடியணும். தூத்துக்குடியில கப்பலை விட்டா ஏர்ல அனுப்பணும், அந்தச் செலவு கம்பெனி தலையில. கடைசி வாரம் அம்மா வீட்டுக்கு வர ராத்திரி பதினொண்ணு ஆகும்."

ஜெர்மனியில் ஒரு பையன், விடுமுறையில் கொள்முதல் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போனவன், தன் மேஜையிலும் அப்படிப்பட்ட துணித்துண்டுகள் கிடந்ததாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை வந்ததை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைத்தார்களாம். அந்தத் துண்டுக்காக யாரோ காத்திருப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கொள்முதல் பாடப் புத்தகங்கள் சப்ளையர் தாமதத்துக்குத் தண்டத்தொகை கணக்கிட விரிவாகச் சொல்லித்தருகின்றன. வாங்குபவர் தாமதத்தை நான் தேடித்தேடித்தான் பாடத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அந்தப் பெண்ணும் பையனும் ஒரே குழுவில் சேர்ந்து மாதிரி ஒப்பந்தம் எழுதினார்கள். நான்காவது பக்கத்தில் அந்தப் பையன் ஒரு வரி சேர்த்திருந்தான்: நிற ஒப்புதல் எத்தனை நாள் தாமதமாகிறதோ, ஷிப்மென்ட் தேதியும் அத்தனை நாள் தள்ளும். அவள் அதற்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எழுதினாள்.