பிளஸ் ஃபோர் பஞ்சாயத்து

1971-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்த ஊனோ ஆட்டத்தில் அதிகச் சண்டை பிளஸ் ஃபோர் சீட்டுக்குத்தான்.

நடப்பு நிறத்தில் ஒரு சீட்டுகூடக் கையில் இல்லாதபோதுதான் அதை இறக்கலாம்.
நிறம் மட்டுமே கணக்கு.
மேசையில் சிவப்பு 7 கிடக்க, கையில் நீல 7 இருந்தாலும் தடையில்லை.

சந்தேகம் வந்தால், அதனால் நாலு சீட்டு எடுக்க வேண்டிய அடுத்த ஆட்டக்காரர், இறக்கியவரிடம் கையைக் காட்டச் சொல்லலாம்.
சிவப்பு சிக்கினால் இறக்கியவருக்கே நாலு.
சிக்காவிட்டால் கேட்டவருக்கு ஆறு.
(நட்பு முறியும் இடம் பெரும்பாலும் இதுதான்.)

பிளஸ் ஃபோர் மேல் பிளஸ் டூ போட்டு அடுத்தவர் தலையில் ஆறைக் கட்டுவது வெறும் வீட்டுச் சட்டம்.
அது செல்லாது என்று 2019-இல் ஊனோவின் ட்விட்டர் கணக்கே சொல்லிவிட்டது.

ஆடுகிறவர்கள் கேட்டால்தானே?