விசிலுக்கு ஒரு நாற்காலி

உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயர் ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். தமிழ் ஐயா பெயர்? அதுவும் இருக்கும். சரி, பி.டி. மாஸ்டரின் பெயர்?

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது, இல்லையா?

நம்மில் பலருக்கு அவர் வெறும் 'பி.டி. மாஸ்டர்'தான். கழுத்தில் விசில், கையில் பிரம்பு, காலைப் பிரேயரில் 'அட்டென்ஷன்' சொல்கிற குரல். அவ்வளவுதான் மனிதர். வாரத்துக்கு இரண்டு பீரியட் அவருக்கென்று டைம்டேபிளில் எழுதியிருக்கும். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கடனை எந்தக் கணக்கு வாத்தியாரும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அமெரிக்காவில் இதே மாதிரி விசில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நம்ம ஊருக்கு வரலாம்.

பெயர் கரோல் ஹட்சின்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு கோச். 1983-ல் உதவி கோச்சாக உள்ளே நுழைந்தார். 1985-ல் தலைமை கோச் ஆனார். 2022-ல்தான் விசிலைக் கழற்றி வைத்தார். ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே நாற்காலியில் 38 சீசன்!

சாஃப்ட்பால் தெரியுமில்லையா? பேஸ்பாலுக்குத் தங்கச்சி. 1887-ல் சிகாகோவில் ஒரு படகுக் கிளப் ஹாலுக்குள், பாக்ஸிங் கிளவுஸைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆரம்பித்த விளையாட்டு. நம்ம கிட்டிப்புள் மாதிரி, கையில் கிடைத்ததை வைத்து ஆடியது. கையைச் சுழற்றி, இடுப்புக்குக் கீழே இருந்து பந்தை விட வேண்டும். மொத்தம் ஏழு இன்னிங்ஸ். பேர்தான் 'சாஃப்ட்'. பேஸ்பாலைவிடப் பெரிசான அந்தப் பந்து நெஞ்சில் பட்டால் தெரியும் அதன் மென்மை! 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. அப்புறம் தூக்கிவிட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு தடவை திரும்ப வந்தது. நம்ம நாட்டிலும் பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடுகிறார்கள். ஆனால் பேப்பரில் போட்டோ வராது.

அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில், ஹட்சின்ஸ் அம்மா ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் இருந்த வெற்றிகள் 1,707. அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் அன்றைய தேதிக்கு வேறு எந்த கோச்சும் அவ்வளவு ஜெயித்ததில்லை. 2005-ல் தேசிய சாம்பியன் பட்டம். மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே இருக்கிற எந்த அணியும் அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

'அடேயப்பா, என்ன பொறுமை, என்ன அர்ப்பணிப்பு!' என்று சொல்லத் தோன்றுகிறதா? சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அது பாதிக் கதைதான்.

மீதிப் பாதி இது. ஹட்சின்ஸ் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது பாஸ்கெட்பாலும் ஆடினார். வெளியூர் மேட்சுக்குப் போனால் ஆண்கள் அணிக்குச் சாப்பாட்டுப் படி அதிகம், பெண்கள் அணிக்குக் கம்மி. வசதிகளிலும் அதே கதை. அமெரிக்காவில் 1972-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சட்டம். 'டைட்டில் நைன்' என்பார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்கள் 1979-ல் சொந்தப் பல்கலைக்கழகத்தின் மேலேயே கேஸ் போட்டார்கள். கோர்ட் கட்டில் முதல் பெயர், ஹட்சின்ஸ்.

அந்தச் சட்டமும், அந்த மாதிரி கேஸ்களும் சேர்ந்து கல்லூரிகளைப் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்க வைத்தன. மைதானம் வந்தது. ஸ்காலர்ஷிப் வந்தது. மாசச் சம்பளத்தோடு கோச் வேலை வந்தது. 38 வருடம் ஒருவர் உட்கார வேண்டுமானால் அவருக்குப் பொறுமை இருந்தால் மட்டும் போதாது. உட்கார நாற்காலியும் 38 வருடம் அங்கேயே இருக்க வேண்டும்.

'அது அமெரிக்கா சார், அவங்ககிட்ட டாலர் இருக்கு' என்கிறீர்களா? சரி, பக்கத்துக் கேரளாவுக்கு வாருங்கள்.

ஓ.எம்.நம்பியார். விமானப்படையில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் கண்ணூரில் பெண்களுக்கென்று கேரள அரசு ஒரு விளையாட்டுப் பிரிவு தொடங்கியபோது அங்கே கோச்சாக வந்தார். அங்கேதான் பய்யோளியிலிருந்து வந்த ஒரு ஒல்லிப் பெண்ணின் ஓட்டம் அவர் கண்ணில் பட்டது. பி.டி.உஷா! 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போனதை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. அடுத்த வருடம் துரோணாச்சார்யா விருது என்று ஒன்று ஆரம்பித்தார்கள். முதல் வருடமே நம்பியாருக்குக் கொடுத்தார்கள். பத்மஸ்ரீ கிடைத்தது 2021-ல். அதே வருடம் ஆகஸ்டில் காலமானார். விருதெல்லாம் மெதுவாகத்தான் வரும். ஆனால் அதற்கு முன்னாலேயே, ஒல்லிப் பெண் ஓடி வந்த நேரத்தில், கண்ணூரில் ஒரு விளையாட்டுப் பிரிவும் அதில் ஒரு கோச்சுக்கு இடமும் இருந்தன. அதுதான் முக்கியம்.

இப்போது நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோம்.

கத்தக்குறிச்சி. அங்கே செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். அவருக்கு முதல் கோச் யார் தெரியுமா? தாத்தா. அந்தக் காலத்து ஓட்டக்காரர். வீட்டுக்கு வெளியே இருந்த மண் தரையில் பேத்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். பேத்திக்கு 13 வயசானபோது ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார். சர்க்கார் செலவில்லை, சங்கத்துச் செலவில்லை. தாத்தா செலவு.

2005-ல் ஆசியத் தடகளப் போட்டியில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பாலினப் பரிசோதனை என்றார்கள். தேறவில்லை என்றார்கள். பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊக்க மருந்து சாப்பிட்டார் என்றோ, ஏமாற்றினார் என்றோ யாரும் சொல்லவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவரை, ஊர் உலகத்துக்கெல்லாம் டி.வி-யில் அறிவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இதே மாதிரி சிக்கலில் மாட்டிய ஒடிசாவின் த்யுதி சந்துக்கு சர்வதேச விளையாட்டு நீதிமன்றத்தில் வாதாட ஆள் இருந்தது. 2015-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. சாந்திக்கு 2006-ல் வாதாட யாருமில்லை.

அந்த அநியாயத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

அப்போதைய முதல்வர் கருணாநிதி, மத்தியில் என்ன சொன்னாலும் சரி என்று, அறிவித்த 15 லட்ச ரூபாயை சாந்தி கையில் கொடுத்தார். சாந்தி என்ன செய்தார்? பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். 2009-ல் அவரிடம் 68 பிள்ளைகள். சென்னை மாரத்தானில் அவர் பிள்ளைகள் முதல் இடமும் மூன்றாம் இடமும் வாங்கினார்கள். ஓடுவதற்குத் தடை போட்டார்கள், சரி... ஓடக் கற்றுக்கொடுப்பதற்குத் தடை போட முடியவில்லை.

ஆனால் நாற்காலி இல்லையே! சொற்பச் சம்பளத்தில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் என்றால் தெரியுமில்லையா, அடுத்த மாதம் உண்டா இல்லையா என்று தேதி பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. அதையும் விட்டார். 2012-ல் பத்திரிகைகளில் வந்த செய்தி: சாந்தி செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். தினக்கூலி 200 ரூபாய். அப்பா, அம்மா பார்த்த அதே வேலை. ஆசிய அளவில் இரண்டாவதாக ஓடியவர், அறுபத்தெட்டுப் பிள்ளைகளை ஓட வைத்தவர், கல் சுமந்துகொண்டிருந்தார்.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் டெல்லிக்கே காது கேட்டது. பெங்களூரில் கோச்சுக்கான டிப்ளமோ படித்து 2013-ல் முடித்தார். அப்புறமும் மனு, முறையீடு, அலைச்சல். 2016-ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தர கோச் வேலைக்கு ஆர்டர் வந்தது. தோஹாவிலிருந்து எண்ணினால் பத்து வருடம்.

இந்தப் பத்து வருடத்தை 'சாந்தியின் கஷ்டம்' என்று நாம் எழுதி முடித்துவிடுகிறோம். எனக்கென்னவோ கணக்கு அங்கே முடியவில்லை என்று தோன்றுகிறது. 2007-ல் 13 வயசில் மைதானத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு 2016-ல் 22 வயசு. ஓட்டக்காரியாக உருவாக வேண்டிய வயசெல்லாம் அதற்குள் போய்விட்டது. யார் கண்டது, அதற்குள் கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பிள்ளையோடுகூட நின்றிருக்கலாம். நஷ்டம் சாந்திக்கு மட்டுமா?

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்றா, வரவா என்று பார்க்கிற புத்தி போக மாட்டேன் என்கிறது. அந்தப் புத்திக்குத் தெரிகிற விஷயம் ஒன்று உண்டு. ஸ்டேடியம் கட்டினால் அது கணக்கில் சொத்து. அடிக்கல் நாட்டலாம், ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பேர் போடலாம். கோச்சுக்குச் சம்பளம் கொடுத்தால் அது செலவு. நெருக்கடி வந்தால் முதலில் குறைக்கிற வகையறா. ஆனால் நிஜத்தில் என்ன நடக்கிறது? அந்த ஸ்டேடியத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம். பெயின்ட் உதிரும், கேலரி விரியும். கோச்சுக்கோ வருஷா வருஷம் மதிப்பு ஏறுகிறது. முப்பதாவது வருடத்துக் கோச், முதல் வருடத்துக் கோச்சைவிடப் பத்து மடங்கு உசத்தி. எந்தப் பெண்ணுக்கு அதட்டல் வேண்டும், எந்தப் பெண்ணுக்கு முட்டை வாங்கிக் கொடுக்க வேண்டும், எந்த அப்பாவிடம் போய்க் கெஞ்ச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் இது.

திறப்பு விழா நடத்த முடியாத சொத்து, கோச். அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

போன வருடம் ஒரு வேலையாகக் குளத்தூர் போயிருந்தேன். இதே புதுக்கோட்டை மாவட்டம்தான். ஒரு வேடிக்கை தெரியுமா? தாலுகாவுக்குப் பேர் குளத்தூர். தாலுகா ஆபீஸ் இருப்பதோ கீரனூரில். பேர் ஓர் இடத்தில், நாற்காலி இன்னோர் இடத்தில். நம்ம கோச்சுகளின் கதை மாதிரியே!

சாயங்கால வேளை. வெயில் தாழ்ந்து, ரோட்டோரம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மண் ரோட்டில் ஒரு பெண் ஓடி வந்தது. யூனிஃபார்ம் பேன்ட், வெறும் கால். பத்தாவதோ, பதினொன்றாவதோ இருக்கும். கொஞ்ச தூரத்தில் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒரு பையன், செல்போனைப் பார்த்தபடி ஏதோ கத்தினான். அந்தப் பெண் முகம் சுளித்து, திரும்பவும் புறப்பட்ட இடத்துக்கே நடந்தது. இப்படி நாலு தடவை.

மூச்சு வாங்கிக்கொண்டு டீக்கடைத் தண்ணீர்க் குடத்துக்கு வந்தபோது கேட்டேன்.

"யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுக்கிறது?"

"யாரும் இல்ல சார். எங்கண்ணன்தான் செல்லுல டைம் பார்க்கும்."

"அண்ணனும் ஓடுமா?"

"இல்ல சார். அது யூடியூப்ல பார்த்துச் சொல்லும்."

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நல்லா ஓடுது சார் புள்ள. மூணு வருஷமா இந்த ரோட்டுல ஓடுது."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு தாத்தா இருந்த இடத்தில் இப்போது ஓர் அண்ணன். புதுக்கோட்டை மண்ணில் இன்னும் வீட்டு ஆட்களேதான் கோச். அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தேன். "கெட்டிக்காரன்ப்பா நீ" என்றேன். அவன் வெட்கப்பட்டு செல்போனை பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த போட்டி எப்போம்மா?"

"தெரியல சார்" என்றது அந்தப் பெண். சொல்லிவிட்டு, அண்ணனை ஒரு தடவை பார்த்துக்கொண்டது. "அண்ணனுக்குத் திருப்பூர்ல வேலை கெடைச்சிருக்கு. அடுத்த வாரம் போகுது."