நிறுத்திவைத்த பணம் யாருடையது?

பொருளைக் கொடுத்தாச்சு, காசு வரலைன்னா இலுப்பூர்ல கடை வாசல்ல போய் நின்னுடலாம். ஆன்லைன் சந்தைக்கு வாசல் கிடையாது.

அத்தையிடம் விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய் 20 இருந்தது. ஒவ்வொன்றும் 11.66 கிராம். உள்ளூர் கடையில் அது வெறும் வெள்ளி. நாணயம் சேர்ப்பவருக்கோ அச்சடித்த ஆண்டும் இடமும்தான் விலை. அதனால் 12 காசுகளை ஒரு தளத்தில் விற்றுக் கொடுத்தேன். வாங்கியவருக்குப் பார்சல் போய்ச் சேர்ந்தது. பணம் மட்டும் ‘பரிசீலனையில்’ என்று நின்றுவிட்டது.

“வாங்குனவரு கொடுத்துட்டாரு, நமக்கு வரல. அப்ப யாரு கையிலப்பா இருக்கு?” என்றார் அத்தை.

அதுதான் சரியான கேள்வி. நடுவில் நின்று பணம் வாங்கித் தரும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பணம் அவர்களின் சொந்தப் பணத்தோடு கலக்காமல், வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும். விற்றவருக்குக் கொடுக்க அந்த 2020 வழிகாட்டுதலில் கெடுவும் இருந்தது. ஒப்பந்தத்தைப் பொறுத்து, பொருளை அனுப்பிய மறுநாள், அல்லது போய்ச் சேர்ந்த மறுநாள், அல்லது ரீஃபண்ட் காலம் முடிந்த மறுநாள்.

ஆகவே ‘எப்போ வரும்?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘இந்த மூன்றில் எனக்கு எந்தத் தேதி?’ என்று கேட்டு, டெலிவரி சான்றோடு மெயில் அனுப்பினேன்.

18ஆம் நாள் பணம் வந்தது. விளக்கம் வரவில்லை. அதற்குள் பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காக மீதி எட்டுக் காசையும் அத்தை எடைக்குப் போட்டிருந்தார். அந்த விலை வித்தியாசத்தைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.