உப்பளக் கரையில் பாய் விரிக்கும் வண்டி

மரக்காணம் பக்கத்துத் தரையை நம்பி வண்டியை இறக்கக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்க்கும்போது வெடித்துக் காய்ந்து கிடக்கும் களர்நிலம், மேலே ஒரு விரற்கடைதான் காய்ந்திருக்கும், அடியில் சேறு. உப்பள வரப்பானாலும் கழுவெளி ஈரநிலத்தின் ஓரமானாலும் ஈரமும் உப்பும் சேர்ந்தே இருக்கும். சவுக்குத் தோப்பில் நிறுத்தலாமென்று போனால் மணலில் டயர் புதையும். தரையில் கூடாரம் அடித்துப் படுப்பவருக்கு விடிவதற்குள் முதுகு பிசுபிசுத்துவிடும். இப்படிப்பட்ட ஊருக்குத்தான், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் கெட்டித்தரை கேம்பர் டிரெய்லர் பொருந்தும். பொருந்துவது எந்த வகை, யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

ஆஸ்திரேலியக் குடும்பங்கள் விடுமுறைக்கு இழுத்துப் போகும் சாமான் அது. மூடியிருக்கும்போது இரும்புப் பெட்டி. நிறுத்தியதும் மேல்மூடியைக் கை வின்ச்சால் சுழற்றிப் பின்னால் மடக்கினால், மூடியின் உட்புறமே தரையாகிக் கால் ஊன்றி நிற்கும். அதோடு மடிந்திருந்த கித்தான் கூடாரம் கூடவே எழும்பும். படுக்கை பெட்டியின் மேல் இருக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று படி ஏறிப் போக வேண்டும். இது பின்மடிப்பு வகை. முன்மடிப்பில் மூடி காரை நோக்கி மடிந்து படுக்கையாகிறது. பெட்டியின் வயிற்றுக்குள் சுற்றி உட்காரும் இருக்கை, நடுவே மேசை. மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை. மலிவான வகை மென்தரை: கூடாரம் பக்கவாட்டில் விரியும், தரை என்பது வினைல் விரிப்பு, சுற்றிலும் முளை அடிக்க வேண்டும். இடம் தாராளம். ஆனால் மரக்காணத்துச் சேற்றில் அந்த விரிப்பைப் போட்டு எடுத்தவர் அதை எங்கே கழுவுவார்?

ஓரிடத்தில் ஒரே இரவு தங்கி அடுத்த ஊருக்கு நகர்கிறவர்களுக்குப் பின்மடிப்பு நல்லது. சட்டென்று விரிந்து சட்டென்று மூடும். குழந்தைகளோடு மூன்று நான்கு நாள் ஒரே தோப்பில் கிடப்பவர்களுக்கு முன்மடிப்பு. ஆஸ்திரேலிய விற்பனையாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இதுதான். தமிழ்க் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. நம் வீட்டில் பாட்டி உண்டு. பாட்டிக்கு மூட்டு வலி உண்டு. பெட்டி மேல் இருக்கும் மெத்தைக்கு இரவில் இரண்டு முறை ஏறி இறங்குவது அவரால் ஆகாது. அவர் கேட்பது பாய் விரிக்க இடம். ஆகவே விளம்பரத்தில் எத்தனை பேர் தூங்கலாம் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, விரிந்த தரையை அளந்து பார்ப்பதே முறை. தரை ஏழடி நீளம், ஆறடி அகலம் என்றால் ஆறுக்கு மூன்றடிப் பாய் இரண்டு அடங்கும். நடப்பதற்குத் தலைமாட்டில் ஓரடி மிஞ்சும். கணவனும் மனைவியும் மேலே, பாட்டியும் பேத்தியும் கீழே என்றால் பின்மடிப்பே போதும். முன்மடிப்பில் உள்ளே தரை குறைவு, இருக்கைதான் அதிகம். பார்க்க அழகு, பாட்டிக்கு உதவாது.

இந்தக் கரையில் வீட்டைக் கூடவே கொண்டுபோவது புதிதில்லை. மாசிமகத் தீர்த்தவாரிக்கு உள்ளூர்களிலிருந்து கடற்கரைக்கு வந்த கூண்டு வண்டிகள் ஒருவகையில் கெட்டித்தரை வண்டிகளே. வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தால் படுக்கை; மாட்டை அவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே கல் கூட்டினால் அடுப்படி.

இரும்புக்கு இந்த ஊர் எமன். உப்பளத்துப் பம்ப்செட், மிதிவண்டி, கதவுக் கீல் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். துரு பிடிக்காதது அபூர்வம். டிரெய்லரின் சேஸிஸ் பளபளவென்று கறுப்புச் சாயம் பூசியிருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை. துத்தநாகக் குழம்பில் முழுதாக முக்கியெடுத்த இரும்பா என்று குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். சாயம் ஒரு கல் தெறித்தால் உரிந்துபோகும்; முக்கியெடுத்ததில் குழாயின் உட்பக்கம்கூடப் பூச்சு ஏறியிருக்கும். பயணம் முடிந்ததும் வில்பட்டை, பிரேக் டிரம், சக்கர பேரிங் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். உப்புத் தண்ணீருக்குள் சக்கரம் இறங்கியிருந்தால் பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வைக்காமல் விடக் கூடாது.

கித்தானுக்கும் தனிப் பாடம் உண்டு. புதுக் கூடாரத்தை முதல் பயணத்துக்கு முன் வீட்டிலேயே விரித்து, நன்றாக நனைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தி நூல் ஊறிப் பருத்து, ஊசி போன துளைகளை அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் முதல் மழையில் ஒழுகுகிறது என்று தயாரித்தவரைத் திட்டுவது வழக்கம். மார்கழிப் பனியில் நனைந்த கித்தானை விடிந்ததும் மடித்துவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் ஏறும்வரை காத்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதி.

எடை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வெறும் வண்டி 1,000 கிலோ, அனுமதித்த முழு எடை 1,400 கிலோ என்றால் சாமான் ஏற்ற 400 கிலோதான். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே அதில் 100 கிலோ போயிற்று. மரக்காணத்தில் நிலத்தடி நீர் உப்பு என்பதால் தொட்டியை நிரப்பாமல் கிளம்பவும் முடியாது. காரின் கொக்கியில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அழுத்த வேண்டும் என்பது பொது விதி. பின்பக்கம் பாரம் கூடிக் கொக்கி இலேசானால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக். கார் என்ன எடையை இழுக்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்த பிறகே டிரெய்லர் பார்க்கப் போக வேண்டும். கையேடு அதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு வாகனம், பதிவு வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாகக் காரை மாற்றியமைப்பதை அதன் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கொக்கி மாட்டுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடலாம்.

சமையலறை பெரும்பாலும் பக்கவாட்டில் இழுப்பறையாக வெளியே வரும். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று அடிக்கும் கரையில், அடுப்பு கடலைப் பார்த்திருந்தால் டீ கொதிக்காது. வாசலும் அடுப்பும் காற்றுக்கு மறுபுறம், பக்கவாட்டு வலைச்சன்னல் காற்றின் பக்கம் என்று நிறுத்த முடிகிறதா என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். கழிப்பறை? பெரும்பாலான கேம்பர் டிரெய்லர்களில் கிடையாது. கையில் தூக்கும் சிறிய ரசாயனக் கழிப்பறையும் அதற்கொரு தனிக் கூண்டும் வாங்கியாக வேண்டும். ஆண்கள் மட்டும் கூடி வாங்கப் போகும் குடும்பங்களில் இந்தக் கேள்வி கடைசியில்தான் எழுகிறது.

நிறுத்த இடம் கிடைப்பது இன்னொரு பாடு. கழுவெளியை 2021இல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டது. அங்கே நினைத்த இடத்தில் கூடாரம் விரிக்க முடியாது. உப்பளம் பிறர் பிழைப்பு நடக்கும் இடம். அதே 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்த கேரளம், அடுத்த ஆண்டே வாகமணில் ஒரு கேரவன் பூங்காவைத் திறந்தது. மின்சாரம், தண்ணீர், கழிவு வெளியேற்றம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் அத்தகைய பூங்காவின் பயன். மரக்காணத்துக்கு வருகிறவர் தெரிந்தவர் சவுக்குத் தோப்பையோ, விடுதி வளாகத்தையோ அனுமதி கேட்டே பிடிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதுவும் வேண்டாம். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தப் பக்கம்தான் கரையேறின. உப்பளத்துக்காரர்களே வேலையை நிறுத்தும் மாதங்கள் அவை.

வருடத்தில் ஒருமுறை பொங்கல் விடுமுறைக்கு மட்டும் கிளம்பும் குடும்பம் டிரெய்லர் வாங்குவது வீண். வேன் பிடித்து அறை எடுப்பது எவ்வளவோ மேல். அடிக்கடி போகிறவர்கள், கடைக்குப் போகும்போது பாட்டியையும் ஒரு பாயையும் கூட்டிக்கொண்டு போகட்டும். விற்பவர் கை வைக்காமல் வீட்டாரே மூடியைச் சுழற்றி விரிக்க வேண்டும், பாயைப் போட்டுப் பார்க்க வேண்டும், திரும்ப மடித்துப் பூட்டவும் வேண்டும். மடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் அடுத்த மாதிரியைப் பார்க்கலாம்.