புள்ளிக் கணக்கு

பொறிவண்டு என்றால் முதுகுப் புள்ளியை எண்ணிப் பெயர் சொல்லிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வகைப்பாட்டு வேலைக்கு வருகிறவர் முதலில் விடவேண்டிய பழக்கம் அது.

நீலசந்திராவில் எங்கள் மாடி அவரைக்கொடியில் அசுவினி மொய்த்தால், பின்னாலேயே கைலோமெனஸ் செக்ஸ்மாகுலேட்டா என்ற பொறிவண்டு வந்து சேரும். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்தது வெளிர்மஞ்சளாக, கோடே இல்லாமல் இருக்கும். முதிர்ந்தவற்றில் ஒன்று மஞ்சள், இன்னொன்று ஆரஞ்சு. கறுப்பு வளைகோடு சிலவற்றில் மெலிந்திருக்கும். சிலவற்றில் தடித்துப் பரவி முதுகே கறுத்திருக்கும். அத்தனையும் ஒரே இனம். 1781இல் பெப்ரீஷியஸ் இதைக் காக்சினெல்லா பேரினத்தில் வைத்தார்; பழைய வேளாண் நூல்களில் மெனோகைலஸ் என்றிருக்கும்.

சந்தேகம் வந்தால் வயிற்றைத் திறப்பதுதான் வழி. காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து, நுண்ணோக்கியின்கீழ் ஊசியால் வயிற்றைப் பிரித்தெடுப்பேன். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூடாக வைத்தால் சதை கரைந்துவிடும். கழுவிக் கிளிசரின் சொட்டில் இட்டால், ஆணின் இனப்பெருக்க உறுப்பு தூண்டில் முள்போல வளைந்து தெரியும். அதன் நுனியின் வடிவம் பொய் சொல்வது அபூர்வம். பார்த்து முடித்ததும் அதைச் சிறு குப்பியில் போட்டு, வண்டைக் குத்திய ஊசியிலேயே அதற்குக் கீழே குத்திவைப்பேன். அதற்கும் கீழே லேபிள்: இடம், தேதி, பிடித்தவர், செடி, இரை.

செடியையும் இரையையும் எழுதாத லேபிள் பாதி லேபிள்தான். பக்கத்துத் தொட்டிக் கத்தரியில் இருக்கும் ஹெனோசெபிலாக்னாவும் இதே குடும்பம். ஆனால் அது இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். முதுகில் நுண்மயிர் படர்ந்து பளபளப்பு மங்கியிருக்கும். தாடையில் சுரண்டுவதற்கேற்ற பல பற்கள் உண்டு. அசுவினி தின்னும் வண்டின் தாடையோ நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். ஜே. பூரணி 2002இல் வெளியிட்ட இந்தியத் துணைக்கண்டப் பொறிவண்டுப் பட்டியலும் இந்த இலைதின்னிகளை விலக்கிவிட்டே தொகுக்கப்பட்டது.

செம்பருத்தியில் இன்னொரு குழப்பம். காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சியை ஒழிக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்த கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு, வெள்ளை மெழுகு போர்த்தி மாவுப்பூச்சியாகவே தோன்றும். தின்பதும் மாவுப்பூச்சியைத்தான். தெரியாதவர் இரண்டையும் சேர்த்தே தேய்த்துக் கழுவிவிடுவார்.

வகைப்பாடு அருங்காட்சியகப் பெட்டிக்கான வேலை மட்டுமல்ல. மருந்தடிக்குமுன் இலை குறைகிறதா, அசுவினி குறைகிறதா என்று பாருங்கள். எதைக் கொல்லக்கூடாது என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.