தெரிவானோருக்கு மாத்திரம் அறிவிக்கப்படும்

நண்பர் ஒருவரின் மகள் அண்மையில் தொலைபேசியில் அழைத்தாள். பட்டம் பெற்று ஈராண்டுகள் கடந்தும் நிரந்தரத் தொழில் வாய்க்காத பிள்ளை. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் நேர்முகப் பரீட்சைக்காக அட்டனிலிருந்து இரவு ரயிலேறி வந்து போயிருந்தாள். ஒரு கிழமைக்குள் முடிவை அறிவிப்பதாகக் கூறி அனுப்பியிருக்கிறார்கள். நான்கு மாதங்கள் கடந்துவிட்டன. மின்னஞ்சலுக்குப் பதிலில்லை. தொலைபேசியில் கேட்டால், “பார்த்துச் சொல்கிறோம்” என்பதோடு சரி.

“இல்லையென்று சொன்னாலும் பரவாயில்லை மாமா. இங்கே ஒரு தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. அதை ஏற்பதா, அவர்களுக்காகக் காத்திருப்பதா என்றுதான் தெரியவில்லை” என்றாள்.

கிடைத்ததை ஏற்றுக்கொள்ளுமாறு கூறினேன். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பத்திரிகைத் துறையில் இருப்போருக்கு மனப்பாடமான வாசகம் ஒன்றுண்டு. வேலைவாய்ப்பு விளம்பரங்களின் கடைசி வரியாக அது வரும்: ‘தெரிவானோருக்கு மாத்திரம் அறிவிக்கப்படும்.’ அந்த வரியை எத்தனையோ தடவைகள் ஒப்புநோக்கி, எழுத்துப்பிழை இல்லையென்று அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். தெரிவாகாதோரின் நிலை என்ன என்று ஒருநாளேனும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நானே அந்தப் பட்டியலில் இருந்தவன்.

1995ஆம் ஆண்டு. பேராதனையில் கலைப் பட்டம் பெற்றுத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். லயன் குடியிருப்புகளுக்குத் தனித்தனி முகவரிகள் கிடையா. எங்கள் கடிதங்கள் யாவும் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேரும். அங்கிருந்து பெரட்டுக்களத்தில் வைத்து எவரிடமாவது கொடுத்தனுப்பினால்தான் வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்தபின் கைக்குக் கிடைப்பது மலையகத்தில் அன்று புதுமையன்று. அவ்வாறு அரச தொழிலை இழந்தோர் எங்கள் தோட்டத்திலேயே இருந்தனர்.

எனக்கும் அதுவே நேர்ந்தது. புதன்கிழமை நேர்முகம், கடிதம் கையில் கிடைத்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. அம்மா அயலில் கைமாற்றாக வாங்கித் தந்த பணத்துடன் ஞாயிறு இரவே தபால் ரயிலேறினேன். மறுநாட்காலை அந்த நிறுவனத்தின் வாசலில் இருந்தவர் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “ஆள் எடுத்தாயிற்று” என்றார். உள்ளேயிருந்து வந்த வயதான எழுதுவினைஞர் ஒருவர் மாத்திரம் என்னை அமரச் செய்து, உறையிலிருந்த தபால் முத்திரையை உற்று நோக்கினார். “தம்பி, இதில் உம்முடைய பிழை ஒன்றுமில்லை” என்றார்.

இரு வாரங்களின் பின் அவருடைய கையொப்பத்துடன் ஒரு கடிதம் வந்தது. வெற்றிடம் நிரப்பப்பட்டுவிட்டதாகவும் எனது சான்றிதழ்ப் பிரதிகளைத் திருப்பி அனுப்புவதாகவும் இரண்டே வரிகள். வேலை கிடைக்கவில்லைதான். ஆனால் அன்று மாலையே அடுத்த விண்ணப்பத்தை எழுத அமர்ந்தேன். எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்ற தெளிவை அந்த இரண்டு வரிகள் தந்திருந்தன.

அத்தகைய பாடத்தைப் பெற்றவன் நன்றாக நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. பின்னாளில் உதவி ஆசிரியர்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒருவரைச் சேர்த்துக்கொண்டோம், மற்றையோருக்கு எழுத நேரமில்லையென்று ஒத்திப்போட்டேன். சில ஆண்டுகள் கழித்து மேசையை மாற்றியபோது, இழுப்பறையின் அடியில் அந்த விண்ணப்பங்கள் கட்டாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்றில் சுயமுகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறையும் இணைக்கப்பட்டிருந்தது. முகவரியில் ஒரு தோட்டத்தின் பெயர். பதில் அனுப்புவதற்கான செலவையும் அந்தப் பிள்ளையே ஏற்றிருந்தான். நான் செய்ய வேண்டியிருந்தது இரண்டு வரிகள் எழுதுவது மட்டுமே.

விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன, எல்லோருக்கும் எப்படிப் பதில் எழுதுவது என்று நிறுவனத்தார் கேட்பர். தபாற்செலவும் தட்டச்சும் தேவைப்பட்ட காலத்தில் அது ஓரளவு நியாயமே. இன்று ஒரே மின்னஞ்சலை எல்லோருக்கும் அனுப்பிவிட முடிகிறது. ஆகவே, மனம் இல்லை என்பதே உண்மை.

அரச நிறுவனங்களைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு வழியைத் திறந்துள்ளது. நேர்முகப் பரீட்சையில் தமக்கு வழங்கப்பட்ட புள்ளிகளை அறிய விரும்புவோர் அதன்கீழ் எழுத்தில் கோரலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் சாதாரணமாக 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். பொதுப்பணி எதையும் சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ ஏற்காத தனியார் நிறுவனங்கள் இச்சட்டத்துள் அடங்கா. அங்கே எஞ்சியிருப்பது பண்பு மாத்திரமே.

இதை வாசிப்போரில், கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஆட்களைத் தெரிவுசெய்யும் இடத்தில் இருப்போரும் இருக்கலாம். அவர்களிடம் நான் வேண்டுவது மூன்றே. விண்ணப்பம் கிடைத்ததென அறிவியுங்கள். தொலைவிலிருந்து வருவோருக்குப் போதிய அவகாசம் கொடுத்து அழையுங்கள். முடிவு எதுவாயினும் சொல்லிவிடுங்கள். வேலை தர இயலாமற் போவது குற்றமன்று. ஒரு வீட்டையே வாசலைப் பார்த்தபடி இருக்கச் செய்வது குற்றம்.

நண்பரின் மகள் அந்தத் தற்காலிக வேலையில் சேர்ந்துவிட்டாள். கொழும்பு நிறுவனத்திடமிருந்து இதை எழுதும்வரை பதில் வரவில்லை.